பதற்றத்துக்கு ஆலோசனை பெறப் போகிறீர்களா? முதலில் நாலு வரி எழுதுங்கள்

பதற்றம் வாரக்கணக்கில் நீண்டு தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறதா? எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

முதல் சந்திப்பில் பலருக்கு, “ஒரு மாதிரியா இருக்கு” என்பதற்கு மேல் வாயே வராது. அதனால் போவதற்கு முன்பே செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி: “திங்கள் காலை. மேனேஜர் போன். நெஞ்சு படபடப்பு, கை வியர்த்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனை எடுக்கவில்லை.”

அந்தக் கடைசி வரிதான் ஆலோசகருக்கு மிகவும் உதவும். போனை எடுக்காமல் விட்டால் அந்த நிமிடம் நிம்மதிதான். ஆனால் அடுத்த அழைப்புக்குப் பயம் இன்னும் கூடும். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. எளிதான அழைப்பில் ஆரம்பித்து, பயந்த அழைப்பு வரை படிப்படியாகப் பழக்குவார்கள். கொடுக்கும் வீட்டுப்பாடத்தைச் செய்யாமல், வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்தால் மட்டும் போதாது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழிக்காதீர்கள். காபியையும் கொஞ்சம் குறையுங்கள்.

சில அமர்வுகளுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஆலோசகரை மாற்றிக்கொள்ளலாம், தப்பே இல்லை. மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.