கொழுந்து பறித்த விரலும் டச் போனும்: வடிவமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் பாட்டி ஒருவர், 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்தவர். அக்காள் அங்கே ஹட்டன் பக்கமே தங்கிவிட்டார். ஒரு காலத்தில் கடிதம்தான். இப்போது பேத்தி டச் போனில் வீடியோ கால் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அக்காள் கூப்பிடுவார், பாட்டி பச்சைப் பொட்டைத் தொடுவார், எடுக்காது. மறுபடி தொடுவதற்குள் மணி நின்றுவிடும். "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்று போனை என்னிடம் நீட்டினார். குறை போனில் இருந்தது. பழியை அவர் ஏற்றுக்கொண்டார். செயலிகள் வடிவமைக்கும் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

முதல் தவறு, எல்லார் விரலும் நம் விரல்போல என்று நினைப்பது. டச் திரை, விரல் பட்டதும் மின்புலத்தில் வரும் மாற்றத்தை வைத்தே தொடுதலை அறிகிறது. பல வருடம் கொழுந்து பறித்துக் காய்ப்பேறி, மார்கழிக் குளிரில் வறண்டும் போன தோலை அது பல நேரம் உணராது. பட்டன் போனில் இந்தத் தொல்லையே இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் பச்சைப் பொட்டைத் தொட்டால் போதாதாம், மேலே தள்ள வேண்டுமாம். அதை யார் அவருக்குச் சொன்னார்கள்? கால் எடுக்க ஒரே தொடுதல் போதும். பட்டன் அகலமாக இருக்கட்டும். குரல் செய்தி அனுப்ப மைக்கை அழுத்திப் பிடித்தபடியே பேசச் சொல்வதும் இதே வகைதான். நடுங்கும் கை விலகினால் பேச்சு பாதியில் போய்விடும். ஒருமுறை தொட்டால் தொடங்கி, மறுமுறை தொட்டால் நிற்கட்டும்.

வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து வைக்காதீர்கள். வயதானால் கண்மணி சுருங்கி, கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கின்றன இணைய அணுகல் நெறிகள். காதில் முதலில் மங்குவது கீச்சொலி என்பதால் மணியோசையும் கனமாக இருக்க வேண்டும்.

அப்டேட் என்ற பெயரில் பட்டன்களை இடம் மாற்றுவதுதான் எனக்கு மிகவும் கோபம் வருவது. படிக்காமல், "கீழே வலது மூலை" என்று இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பவரின் ஆறு மாதப் பழக்கம் ஒரே இரவில் வீணாகிறது.

இன்னொன்று, வேகமான வைஃபையில் மட்டும் சோதித்துப் பார்ப்பது. இங்கே ஒரு மேடு தாண்டினால் சிக்னல் விழும். அப்போது படம் உறைந்து, அதோடு பேச்சும் அறுந்தால் பாட்டி தான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டதாகப் பயப்படுகிறார். சிக்னல் குறைந்ததும் செயலி படத்தை விட்டுவிட்டுக் குரலைக் காப்பாற்ற வேண்டும். "சிக்னல் இல்லை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்று தமிழில் குரலாகவே சொல்ல வேண்டும். அக்காளின் முகம் மறைந்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்பது காதில் விழுந்தால் அவருக்குப் போதும்.