அயல் மாடலைச் சுட்டும்போது ஜாவா கோட் உடைந்தால் எங்கே பார்ப்பது?

இஎம்எஃப்-இல் (எக்லிப்ஸின் மாடலிங் ஃபிரேம்வொர்க்) உங்கள் இகோர், அதாவது மாடலை வரையறுக்கும் ஃபைல், இன்னொரு இகோரைச் சுட்டுகிறது. கோட் ஜெனரேட் செய்தால் அந்த அயல் கிளாஸ்களும் உங்கள் ப்ராஜெக்ட்டிலேயே வந்து விழுகின்றன. முதலில் ஜென்மாடலை, அதாவது இகோரிலிருந்து கோட் எப்படி உருவாக வேண்டும் என்று சொல்லும் ஃபைலை, திறங்கள். உங்கள் பேக்கேஜுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், அயல் பேக்கேஜும் நிற்கிறதா? கோளாறு அங்கேதான்: அதையும் தானே உருவாக்க வேண்டியதாக ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது.

ஜென்மாடலை ரைட் கிளிக் செய்து ரீலோட் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் ரூட் பேக்கேஜாக உங்களுடையதை மட்டும் டிக் செய்யுங்கள். கீழே, ரெஃபரன்ஸ்டு ஜெனரேட்டர் மாடல்ஸ் பகுதியில், அயல் ஜென்மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தவறாக உருவான ஃபைல்களை ஜெனரேட்டர் அழிக்காது. கையால் அழித்துவிட்டு மறுபடி ஜெனரேட் செய்யுங்கள். பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னும் கம்பைல் ஆகவில்லையென்றால் உங்கள் ப்ளகினின் விவர ஃபைலான மேனிஃபெஸ்ட்டில், தேவைப்படும் ப்ளகின்களைப் பட்டியலிடும் ரிக்வயர்-பண்டிலில், அயல் ப்ளகின் இருக்கிறதா பாருங்கள்.

பெயர் ஒன்றாக இருந்தும் டைப் பொருந்தவில்லை என்று பிழை வந்தால், ஒரே இகோர் இரண்டு வெவ்வேறு முகவரிகளில் லோட் ஆகியிருக்கக்கூடும். இகோரை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, 'ப்ளாட்ஃபார்ம் ரிசோர்ஸ்', 'ப்ளாட்ஃபார்ம் ப்ளகின்' முகவரிகள் கலந்து கிடந்தால் ஒன்றாக மாற்றுங்கள்.

எக்லிப்ஸுக்கு வெளியே ஓட்டும்போது மட்டும் 'பேக்கேஜ் நாட் ஃபவுண்ட்' வருகிறதா? ஃபைலை லோட் செய்வதற்கு முன்பே இரண்டு பேக்கேஜ்களின் இஇன்ஸ்டன்ஸையும் (ஜெனரேட் ஆன பேக்கேஜ் இன்டர்ஃபேஸில் உள்ள eINSTANCE) கோடில் ஒருமுறை அழையுங்கள். அப்போதுதான் அவை இஎம்எஃப்-இன் பேக்கேஜ் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும்.