செட்டிநாட்டு வீட்டில் விருந்தினரை இரண்டாம் இரவும் தங்க வைப்பது எப்படி

காரைக்குடிக்கும் அதைச் சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் ஒரே ஓர் இரவு தங்குகிறவர்கள். மாலை நான்கு மணிக்கு வந்து, கானாடுகாத்தானில் இரண்டு வீடுகளைப் படம் பிடித்து, இரவு இலை போட்டுச் சாப்பிட்டு, மறுநாள் காலைப் பணியாரத்தோடு புறப்பட்டுவிடுவார்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வரும் பக்தர்கள் பெரும்பாலும் அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இப்பகுதியில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் இடமாக நடத்த நினைப்பவர் வேறு எதையும் தொடங்குமுன் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வந்தவர் இன்னோர் இரவு தங்க வேண்டுமென்றால் இந்த ஊரில் அவருக்கு நான் என்ன வைத்திருக்கிறேன்?

கணக்குப் போட்டால் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆறு அறைகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சம்பளம், குத்தகை, மின்கட்டணம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 1,80,000 ரூபாய் நிலையான செலவு என்றும், அறைக்கு ஓர் இரவு வாடகை 4,000 ரூபாய் என்றும், அதில் சலவை, காலை உணவு, முன்பதிவுத் தளத்தின் கமிஷன் ஆகியவற்றுக்கு 1,500 ரூபாய் போய்விடும் என்றும் வைத்துக்கொண்டால், ஓர் அறை ஓர் இரவு நிரம்புவதால் கையில் நிற்பது 2,500 ரூபாய். நிலையான செலவை ஈடுகட்டவே மாதம் 72 இரவுகள் விற்க வேண்டும். முப்பது நாளில் ஆறு அறைகளுக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பவை 180 இரவுகள். 72 என்பது அதில் 40 சதவீதம். எல்லாரும் ஓர் இரவே தங்கினால் 72 முன்பதிவுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு இரவு தங்கினால் 36 போதும். இரண்டாம் இரவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை குறைகிறது, ஒரு மதியச் சாப்பாடும் ஓர் இரவுச் சாப்பாடும் கூடுதலாக விற்கின்றன, சமையற்கட்டுக்கு முன்கூட்டியே ஆள் கணக்குத் தெரிந்துவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இந்த 40 சதவீதம் எட்டாது என்பதால் மாதக் கணக்கை நம்பாமல் ஆண்டுக்கு 864 இரவுகள் என்று கணக்கு வைத்து, நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள 151 நாட்களில் அதன் பெரும்பகுதியை ஈட்டிவிடும்படி திட்டமிடுவதே சரி.

வீட்டுக்கு உரியவர்கள் எத்தனை பேர்

இத்தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முகப்பு, பட்டாலை, வளவு என்னும் நடு முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு என்று நீளும் ஒரு செட்டிநாட்டு வீட்டில், வளவைச் சுற்றியுள்ள அறைகள் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாகப் பிரிக்கப்பட்டவை. முற்றமும் கூடமும் சமையற்கட்டும் பொது. மூன்று தலைமுறை கடந்தபின் ஒரே வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பதும், அவர்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பிரிந்து வாழ்வதும் சாதாரணம். உள்ளூரில் சாவி வைத்திருக்கும் ஒருவரோடு பேசி முடித்தால் வீடு கிடைத்துவிட்டது என்று எண்ணக் கூடாது.

நான் முதன்முதலில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தபோது நான்கு பேரிடம் மட்டும் கையொப்பம் வாங்கிக்கொண்டு தொடங்கினேன். தை மாதத்தில் ஆறு அறைகளும் நிரம்பியிருந்த ஒரு நாளில், ஐந்தாவது பங்காளியின் குடும்பம் மகள் திருமணத்துக்குத் தேதி குறித்துவிட்டு, தங்கள் வீட்டில் சடங்கு செய்ய உரிமையோடு வந்து நின்றது. தவறு முழுவதும் என்னுடையது. விருந்தினர் அனைவரையும் மன்னிப்புக் கேட்டு வேறிடங்களுக்கு அனுப்பி, அந்தக் கட்டணத்தையும் நானே செலுத்தினேன்.

ஆகவே எல்லாப் பங்காளிகளின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை (பவர் பத்திரம்) இங்குள்ள ஒருவருக்கு அனுப்பலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி வீட்டைப் பழுதுபார்க்க லட்சக்கணக்கில் செலவிடுவது பேதைமை. குடும்பத்தின் திருமணம், அறுபதாம் கலியாணம், முன்னோருக்கான படைப்பு ஆகியவற்றுக்கு ஆண்டில் எத்தனை நாட்கள் வீடு அவர்களுக்கு ஒதுக்கப்படும், எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், எந்த அறைகள் பூட்டியே இருக்கும், கூரை ஒழுகினால் யார் செலவு என்பவை பத்திரத்தில் இருக்க வேண்டும். இந்த நாட்களை இடையூறாகக் கருத வேண்டாம். உரியவர்கள் வந்து விளக்கேற்றும் வீடு உயிரோடு இருக்கும் வீடு. அதைத்தான் விருந்தினரும் காண வருகிறார்கள்.

பழுதுபார்ப்பது

இந்த வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்த கலவையைப் பூசி, மேற்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து பளிங்கு போலத் தேய்த்திருக்கிறார்கள். இச்சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். இதன்மேல் சிமெண்ட் பூசினாலோ பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலோ ஈரம் உள்ளே சிக்கி, ஓரிரண்டு மழைக்காலத்தில் பழைய பூச்சையும் சேர்த்துக்கொண்டு உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்; அப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்கு ஆண்டு முழுதும் ஏதேனும் வேலை கொடுத்துத் தக்கவைத்துக்கொள்வதும், அவரோடு ஓர் இளைஞரைப் பழக விடுவதும் நம் சொந்த நலனுக்கே நல்லது. ஓடுகளை ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

குளியலறைதான் பெரிய சோதனை. அந்தக் காலத்து வீடுகளில் அறையோடு இணைந்த குளியலறை கிடையாது. இன்றைய விருந்தினர் அது இல்லாமல் தங்க மாட்டார். வளவு அறைகளின் சுவரைக் குடைந்து குழாய் பதிப்பதைவிட, இரண்டாம் கட்டிலோ பின்கட்டிலோ உள்ள அறைகளைத் தேர்ந்து, வெளிச்சுவரை ஒட்டிப் புதுக் குளியலறைகளைத் தனியாக எழுப்பி, கழிவுநீர்க் குழாய்களை வெளியிலேயே கொண்டுபோவது பழைய கட்டடத்தைக் காக்கும். அதனால் ஓர் அறை குறைந்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் நாளுக்கு என்ன

முதல் மாலை வீடுகளுக்கு. மறுநாள் காலையை ஆத்தங்குடிக்குக் கொடுக்கலாம். அங்கே தரைக்கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் வார்ப்பு அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் சிமெண்ட் மணல் கலவையை நிரப்பி, பின் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள்; கற்களுக்குக் கண்ணாடியின் வழவழப்பு வந்துவிடுகிறது. விருந்தினர் தாமே ஒரு கல் வார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்குத் தொழிலாளியின் கையில் நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும். வேலையைப் பார்க்க வருகிறவர்களால் அவருடைய நாள் உற்பத்தி குறைகிறது என்பதை நாம் மறந்தால், ஒரு நாள் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். அதில் நியாயமும் இருக்கும். கண்டாங்கிச் சேலை நெய்யும் தறி, பனையோலைக் கொட்டான் என்னும் கூடை பின்னும் பெண்கள் ஆகியோருக்கும் இதே முறைதான்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு அழைத்துப்போனால் கமிஷன் கிடைக்கும். அந்தக் கமிஷனை வாங்காதீர்கள், ஓட்டுநரையும் வாங்க விடாதீர்கள். அவர் கூலியை அதற்கேற்ப உயர்த்திக் கொடுங்கள். விருந்தினர் நம் சொல்லை நம்பும்வரைதான் நமக்குத் தொழில். அதோடு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு விருந்தினர் ஒரு மரச்சிற்பத்தின் முன் நின்று விலை கேட்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைகளில் நிற்கும் தூண்களும் கதவு நிலைகளும் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை என்பதையும் நான் மறைப்பதில்லை. இவ்வூர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றவை. ஆனால் பட்டியல் வீட்டைக் காக்காது, அதில் வருமானம் வந்தால்தான் பங்காளிகளுக்கு இடிக்காமல் வைத்திருக்க மனம் வரும்.

மாலைக்குத் திருமயம் கோட்டையோ, சித்தன்னவாசல் ஓவியங்களோ, இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில் என்று தொடங்கும் ஒன்பது நகரக் கோயில்களில் இரண்டோ போதும். ஒரே நாளில் ஒன்பதையும் காட்ட முயன்றால் விருந்தினர் களைத்துப்போவார், எதுவும் மனத்தில் நிற்காது. அதிகாலையில் ஊருணிக் கரையில் நடப்பதும், கூரையில் விழும் மழைநீர் தெருவாய்க்கால் வழியே அந்த ஊருணிக்குப் போகும்படி ஊரையே அமைத்திருப்பதை விளக்குவதும் செலவில்லாதவை; நான் கண்டவரை விருந்தினர் அதிகம் கேள்வி கேட்பது அங்கேதான்.

திருவிழா நாட்களை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்து முன்பதிவுப் பக்கத்தில் போட்டுவிடலாம்: தை மாதம் மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், தைப்பூசத்துக்கு முன் பழனிக்குப் புறப்படும் நகரத்தார் காவடி, பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தி. மஞ்சுவிரட்டுக்கு அனுப்பும்போது பாதுகாப்பான இடத்தில் நிற்க ஏற்பாடு செய்யாமல் அனுப்பக் கூடாது. காவடியோடு போகிறவர்கள் விரதம் இருப்பவர்கள்; முகத்தருகே கேமராவை நீட்ட வேண்டாம் என்று விருந்தினரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாடு

செட்டிநாடு என்றால் காரம் என்று உலகெங்கும் உள்ள ஓட்டல் பலகைகள் சொல்லிவைத்திருக்கின்றன. வீட்டுச் சமையல் அப்படிப்பட்டதன்று. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றின் மணம்தான் அதன் உயிர். இளங்குழம்பும் வெண்டைக்காய் மண்டியும் எவர் நாவையும் சுடாது. உள்ளூரில் கலியாணச் சமையல் செய்து பழகிய ஒருவரை முழுநேரச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை, நாளுக்கு நாள் மாற வேண்டும். முதல் நாள் காலை வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் என்றால் மறுநாள் இடியாப்பமும் கவுனி அரிசியும். பர்மாவோடு செய்த வணிகம் இந்தக் கவுனி அரிசியிலும் தலைக்குமேல் நிற்கும் தேக்குத் தூணிலும் இருக்கிறது என்று பரிமாறுகிறவர் ஒரு வாக்கியத்தில் சொன்னால், விருந்தினருக்கு வீடும் இலையும் ஒன்றாகப் புரியும். சமையலறையை மதியம் ஒரு மணி நேரம் விருந்தினருக்குத் திறந்துவிட்டு, அவரையே கந்தரப்பம் சுட வைப்பது இரண்டாம் இரவை விற்க நான் அறிந்தவற்றுள் சிறந்த வழி.

தாள்களும் வரியும்

ஒன்று முதல் ஆறு அறை வரை, மொத்தம் 12 படுக்கைக்கு மிகாமல், குடும்பத்தோடு அதே வீட்டில் வசிப்பவர் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் தங்கம் அல்லது வெள்ளித் தரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். குத்தகைக்கு எடுத்து வேறிடத்தில் வசிப்பவருக்கு அது பொருந்தாது. உணவு பரிமாறுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியாகத் தெரிவிக்க வேண்டும். இதை இரவுக் காவலரிடம் விடாமல் பொறுப்பாளர் ஒருவர் அன்றன்றே செய்வது நல்லது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதமும் அதற்குமேல் 18 சதவீதமும் வரி. ஐந்து சதவீத வரிக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. ஆகவே பழுதுபார்ப்புக்கு வாங்கும் பொருள்கள்மேல் கட்டிய வரியையும் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும்.

முன்பதிவுத் தளங்கள் சுமார் 15 முதல் 25 சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. முதல் முறை வருபவரைக் கொண்டுவருவதற்கு அவை தேவை. அதற்கான கூலியாக அதை மனமுவந்து கொடுத்துவிடலாம். மறுமுறை வருகிறவரும் அவர் சொல்லி வருகிறவரும் நம் தொலைபேசிக்கே அழைக்கும்படி நடந்துகொள்வது நம் கையில் இருக்கிறது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை அறைகள் காலியாக இருக்கும்போது பணியாளர்களை நிறுத்திவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்ய வேண்டாம். நல்ல சமையற்காரர் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டால் நவம்பரில் திரும்ப மாட்டார். அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் ஆண்டின் நிலையான செலவில் முதலிலேயே சேர்த்துவிட்டு, சுண்ணாம்பு வேலை, மரத்தூண்களுக்கு எண்ணெய் பூசுவது, வடகமும் வற்றலும் போடுவது, மெத்தைகளை வெயிலில் உலர்த்துவது எல்லாவற்றையும் அந்தக் கோடையிலேயே முடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்கும் ஐப்பசி மழைக்கு முன் போதிய நாட்கள் கிடைக்கும்.