டாம் வெயிட்ஸைப் பிடித்துப்போனவர்கள் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது எப்படி

போன சனிக்கிழமை பெசன்ட் நகரில் ஒரு மொட்டை மாடி ஓப்பன் மைக். கிட்டாரோடு வந்த பையனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். கரகரத்த உறுமல் குரலுக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸின் பாட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது சரணத்தில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உறுமினான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய என்னைப் பார்த்த மாதிரி கூச்சமாக இருந்தது.

சுருதி விலகுவது, வரி மறப்பது எல்லாம் பாடப் பாடச் சரியாகும். அதை விடுங்கள்.

கரகரப்பை இரவல் வாங்குவது

அந்தக் குரலைக் கேட்டவுடன் அதே மாதிரி செய்து பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ராத்திரி சாப்பிட்ட பிறகு தினம் ஒரு மணி நேரம், ஆறு வாரம், தொண்டையை நெரித்து உறுமினேன். காலையில் குரல் கம்மியிருக்கும். வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடையன். வந்தது வீக்கம். மேல் ஸ்தாயி மொத்தமாகக் காணாமல் போனதும்தான் ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டு குரல் நாண்களிலும் முடிச்சு என்றார். குரலுக்கு ஓய்வு என்று சொன்னதை நம்பி வீட்டில் கிசுகிசுத்துக்கொண்டே திரிந்தேன். கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தான் என்று அடுத்த தடவை திட்டு விழுந்தது. நாலு மாசம் பாட்டில்லை. ஒரு ரிசப்ஷனுக்கு வாங்கிய முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

இத்தனையும் அநாவசியம் என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது. 1973ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். மிருதுவான சாதாரணக் குரல்தான். கரகரப்பு அடுத்த சில வருஷங்களில் ஏறியது. பிறகு பாட்டுக்குள் வரும் குடிகாரனுக்கு ஒரு குரல், மாலுமிக்கு ஒரு குரல் என்று கூத்துக்காரர் மாதிரி வேஷம் கட்டினார். உறுமுகிற அதே மனுஷன் இன்னொரு பாட்டில் மெல்லிய பொய்க்குரலில் வருவார். ஆள் யாரென்றே தெரியாமல் நாம் உறுமலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவர் குரலையும் யாரும் ஆறு வாரத்தில் பழகிவிடவில்லை.

இதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்ட கம்பெனியும் உண்டு. 1988ல் அமெரிக்காவில் ஒரு சிப்ஸ் விளம்பரத்துக்கு அவர் மாதிரியே பாடும் ஆளைப் பிடித்துப் பாடவைத்தார்கள். விளம்பரத்தில் பாடுவதில்லை என்பது வெயிட்ஸின் கொள்கை. வழக்குப் போட்டார். நஷ்ட ஈடு இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. 1992ல் மேல்முறையீட்டிலும் பெரும்பாலும் அவர் பக்கமே தீர்ப்பு. எனக்கு முன்பணத்தோடு போயிற்று.

அவர் ஊரை நம் பாட்டில் எழுதுவது

அவர் வரிகள் கவிதையாக இருப்பதற்குக் காரணம் தெருவும் கடையும் ஆள் பெயரும் அப்படியே உள்ளே வருவது. நம்மவர்கள் பனி பெய்யும் நெடுஞ்சாலை என்று தமிழில் எழுதுகிறார்கள். வடபழனியில் ஏதப்பா பனி? ராயபுரம் ரயில் நிலையத்தை எழுதுங்கள்.

அவர் ஒருவரே எழுதினார் என்பது

1980ல் மணந்த கேத்லீன் பிரென்னனோடு சேர்ந்து எழுதியவை ஏராளம். அவர் பெயரையும் மேடையில் சொல்லுங்கள்.

மைக்கை விழுங்குவது

வேண்டாம்.

மாடிப்படி இறங்கும்போது அந்தப் பையனிடம், "தம்பி, உன் சொந்தக் குரல்ல ஒரு தடவை பாடிப் பாரேன்" என்றேன். "அது நல்லாருக்காதுண்ணா" என்றான், கம்மிய குரலில். டாக்டர் நம்பரை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் இன்னும் வரவில்லை.