சீரியல் போர்ட் வேலை செய்யாவிட்டால் எங்கிருந்து பார்ப்பது

கடைத் தராசுக்காகவோ பில் பிரிண்டருக்காகவோ சீரியல் போர்ட் (இவற்றைக் கேபிளால் இணைக்கும் 9 பின் வாய்) உள்ள பழைய கம்பியூட்டரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர். ஒருநாள் தரவு வராமல் போனால் உடனே "போர்ட் போய்விட்டது" என்பார்கள். பல நேரம் பழுது கேபிளில்தான் இருக்கும். ஆகவே முதலில் இரண்டு பக்கத்தையும் அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள்.

9 பின் போர்ட்டை நேரே பார்த்தால், ஐந்து பின் உள்ள மேல்வரிசையில் இடமிருந்து 1 முதல் 5 வரை. 2 தரவு வாங்கும், 3 அனுப்பும், 5 எர்த். 2ஐயும் 3ஐயும் சின்ன வயர்த் துண்டால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் சீரியல், வேகம் 9600, ஃப்ளோ கன்ட்ரோல் (மறுபக்கம் தயாராகும்வரை தரவை நிறுத்தி வைக்கும் முறை) இல்லை என்று வைத்துத் திறவுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால் வயரைக் கழற்றி மறுபடி தட்டுங்கள். இப்போது வரக்கூடாது. வயர் இல்லாமலும் வந்தால் அது லோக்கல் எக்கோ (புட்டி தானே எழுத்தைத் திரையில் காட்டுவது), சோதனை செல்லாது.

எழுத்து திரும்பி வரவில்லையா? மல்டிமீற்றரின் கறுப்பு முனையை 5இலும் சிவப்பை 3இலும் வையுங்கள். சும்மா இருக்கும் போர்ட்டில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்ட வேண்டும். பூச்சியம் என்றால் போர்ட் பயோஸில் (கம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பவர் சப்ளையின் நீல வயரை அளவுங்கள். அதுதான் மைனஸ் 12. பல பழைய மதர்போர்டுகளில் அதை, போர்ட்டுக்குச் சிக்னல் அனுப்பும் சீரியல் டிரைவர் சிப்பைத் தவிர வேறெதுவும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. அதனால் அது செத்தாலும் கம்பியூட்டர் ஒழுங்காகவே ஓடும், போர்ட் மட்டும் ஊமையாகிவிடும். நீல வயர் சரியாக இருந்தால் சந்தேகம் டிரைவர் சிப்பின் மேல்.

போர்ட் தகட்டை (9 பின் போர்ட்டும் மதர்போர்டுக்குப் போகும் வயரும் உள்ள தகடு) வேறு கம்பியூட்டரிலிருந்து கழற்றிப் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. மதர்போர்டின் 10 பின் தலைக்கு (ஹெடர், தகட்டின் வயர் செருகும் இடம்) இரண்டு வகை வயரிங் இருக்கிறது; வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கம்பியூட்டரை அணைத்து, தலையில் எந்தப் பின் சேசிஸுடன் (கம்பியூட்டரின் உலோகப் பெட்டி) தொடர்பில் இருக்கிறது என்று பாருங்கள். தகட்டின் 5ஆம் பின்னும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். தலையில் அந்த இடம் 5க்கும் 9க்கும் மாறியிருந்தால் தகடு பொருந்தாது.

போர்ட் நல்லதென்றால் கேபிள். கேபிளைக் கருவியில் (தராசு அல்லது பிரிண்டர்) மட்டும் செருகிக் கருவியைப் போடுங்கள். தனியே தொங்கும் முனையில் மைனஸ் வோல்ட் 2இல் வந்தால் கேபிள் சரி. 3இல் வந்தால் 2உம் 3உம் மாறி இணைந்த குறுக்குக் கேபிள் வேண்டும். கடற்கரைப் பக்கக் கடைகளில் பின்னில் பச்சை பிடிக்கும். ஐசோபுரோபைல் அல்ககோலும் பிரஷும் போதும்.

முழுதும் குப்பை எழுத்தென்றால் வேகம் தப்பு. சிலது சரி, சிலது குப்பையென்றால் பெரும்பாலும் பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) அமைப்பு. பிரிண்டர் நன்றாகத் தொடங்கி நடுவில் வரிகளை விழுங்கினால் ஃப்ளோ கன்ட்ரோல். கொம்1உம் கொம்3உம் (கம்பியூட்டர் சீரியல் போர்ட்டுகளுக்கு வைக்கும் பெயர்கள்) ஐஆர்க்யூ 4 என்ற, புரொசசரைக் கூப்பிடும் ஒரே சிக்னலைப் பகிர்வதால், உள்ளே மொடெம் கார்டு இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

மூன்று பின் பிளக்கின் எர்த் இணையாத அடப்டரில் ஓடும் கம்பியூட்டரின் சேசிஸில் மீற்றர் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடும். அந்த நிலையில் கேபிளைச் செருகுவதுதான் டிரைவர் சிப்புக்கு ஆபத்து.

கொம்1 உண்மையாகவே செத்திருந்தால் பிசிஐ கார்டு வாங்க அவசரப்பட வேண்டாம். கொம்1இன் வழக்கமான 3எஃப்8 (3F8) முகவரியை மட்டும் தேடும் டொஸ் மென்பொருளுக்கு அது தெரியாது. பயோஸில் முதல் போர்ட்டை அணைத்து, இரண்டாவதற்கு 3எஃப்8, ஐஆர்க்யூ 4 கொடுங்கள். கேபிளை அதில் மாற்றினால் மென்பொருள் அதையே கொம்1 என்று எடுத்துக்கொள்ளும்.