தாத்தா பட்டாளத்துல இருந்தாராம், எந்தப் பட்டாளம்?

எங்க வீட்ல சின்ன வயசுலேருந்து கேட்ட கதை "தாத்தா பட்டாளத்துல இருந்தாரு", அவ்ளோதான். கோலாலம்பூர் செந்தூல்ல அத்தை வீட்டு பிஸ்கட் டின்னுல ஒரு பழைய ரசீது கெடச்சது, இந்திய சுதந்திர லீக்குக்கு (நேதாஜி படைக்குப் பின்னால நின்ன அமைப்பு) காசு குடுத்தது, தேதி 2603னு போட்டிருந்துச்சு. அச்சடிச்சவன் தப்பு பண்ணிட்டான்னு நெனச்சி ரொம்ப நாள் ஒதுக்கி வெச்சிட்டேன். தப்பே இல்ல லா, அது ஜப்பான்காரன் வருஷக் கணக்கு, 660 கழிச்சா 1943. உங்க வீட்டு காகிதத்துலயும் இப்படி இருந்தா தூக்கிப் போட்றாதீங்க.

இப்ப ரெண்டாம் உலகப் போர்ல தாத்தா எங்க இருந்தாருன்னு தேடுறதப் பத்தி. மொதல்ல எந்தப் பக்கம்னு பிரிங்க, ஏன்னா மலாயாவுல நம்ம ஆளுங்க பிரிட்டிஷ் இந்திய ஆர்மியில இருந்திருக்கலாம், நேதாஜி படையில (ஐஎன்ஏ, அதாவது இந்திய தேசிய ராணுவம்) இருந்திருக்கலாம், இல்ல சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துட்டுப் போயிருக்கலாம். கடைசியா சொன்னது பட்டாளமே இல்ல, கூலி வேல, அதனால ஆர்மி லிஸ்ட்ல எவ்ளோ தேடுனாலும் பேரு வராது. சில பேரு ரெண்டு படையிலயும் இருந்தவங்க, 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்ததும் கைதியாகி அப்புறம் ஐஎன்ஏல சேந்தவங்க. ரப்பர் தோட்டத்துலேருந்து சேந்தவங்க நெறைய பேரு 1943 ஜூலைல நேதாஜி சிங்கப்பூர் வந்ததுக்கப்புறம்தான்.

பெரியவங்ககிட்ட "எந்த ஆர்மி"ன்னு கேக்காதீங்க, தெரியாதும்பாங்க. எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுனாரு, யாரு கூடப் போனாரு, திரும்பி வந்தப்ப எப்டி இருந்தாருன்னு கேளுங்க, போன்ல ரெக்கார்ட் போட்டுட்டு. எங்க அத்தை ஒண்ணுந்தெரியாதுன்னு சொல்லிட்டு, தேத்தண்ணி ஊத்தும்போது சாதாரணமா, "அப்பா வீட்டுக்குள்ள வந்தா வணக்கம் சொல்ல மாட்டாருய்யா, ஜெய்ஹிந்த்னுதான் சொல்லுவாரு"ன்னாங்க. அது ஐஎன்ஏ வணக்கம், அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்!

பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர்னா காமன்வெல்த் போர் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல ஃப்ரீயா தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்துல மட்டும் 24,000க்கு மேல பேரு இருக்கு, தைப்பிங்லயும் கல்லறை இருக்கு. இந்திய சிப்பாய்ங்களுக்கு பல எடத்துல அப்பா பேரு, ஊரு, ஜில்லா போட்டிருப்பாங்க, அதனால கையில ஊர் பேரோட போங்க. "சாமி"ய இங்கிலீஷ்ல கிராணி (பேரு பதியுற கிளார்க்) எப்டி எழுதுனாரோ அப்டித்தான் பதிஞ்சிருக்கும், கடைசி எழுத்து ஒய் போட்டும் ஐ போட்டும் நடுவுல டபிள்யூ சேத்தும் எல்லா விதத்துலயும் தட்டிப் பாருங்க.

ஐஎன்ஏன்னா ஆணையத்துக்கிட்ட இருக்காது. டெல்லில இந்திய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997ல பாதுகாப்பு அமைச்சு 990 ஃபைல் குடுத்துச்சு, அங்கதான் மெயின். அது கூடவே சிங்கப்பூர் நூலகத்தோட பழைய பேப்பர் வெப்சைட்டுல ஜப்பான் கால இங்கிலீஷ் பேப்பரும் பாருங்க, தனிப் பேரு அபூர்வமாதான் வரும், ஆனா எந்த ஊர்ல எப்ப கூட்டம் நடந்துச்சுன்னு தெரியும்.

யூனிஃபார்ம் போட்டோ பாத்து முடிவு பண்ணாதீங்க. ரெண்டு படையும் அதே காக்கிதான், பல பேரு அதே உடுப்போடதான் மாறுனாங்க. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தா அது பேசும். எங்க தாத்தா போட்டோவ ஃபிரேமுலேருந்து கழட்ட அத்தை இப்பதான் ஒத்துக்கிட்டிருக்காங்க, அதுவும் தீபாவளி கழிச்சிதானாம்.