ஒரே தீமிதி, இரண்டு டிவிடி: பேல், என்டிஎஸ்சி காட்சிகளை ஒன்றாக எடிட் செய்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் இன்று லயத்து வீடுகள் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. அந்த வாசல்களும் மாரியம்மன் கோயில் பந்தலும் மிஞ்சியிருப்பது டிவிடிகளில் மட்டும். என்னிடம் ஒரே ஆண்டின் தீமிதி இரண்டு வட்டுகளில் உள்ளது. ஒன்று டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் பதிந்தது. இன்னொன்று, கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா தம் கேமராவில் எடுத்தது. இரண்டையும் அப்படியே சேர்த்தபோது, சித்தப்பாவின் காட்சியில் பூக்குழி இறங்குபவர்களின் கால்கள் விட்டுவிட்டு நகர்ந்தன. ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் வேறு.

காரணம் இதுதான். மலேசியாவில் இருந்தது பேல் என்ற டிவி, வீடியோ முறை: 720×576 அளவு, நொடிக்கு 25 படங்கள். கனடாவில் என்டிஎஸ்சி: 720×480, நொடிக்கு 29.97 படங்கள். அந்தக்காலக் கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதிகளாகப் பதிந்தன. ஒரு பாதியில் ஒற்றைப்படை வரிகள், கண நேர வித்தியாசத்தில் இன்னொரு பாதியில் இரட்டைப்படை வரிகள். ஆகவே பேல் வட்டில் உண்மையில் நொடிக்கு 50 அசைவுகள் இருக்கின்றன, என்டிஎஸ்சியில் 59.94. பாதிகளைச் சரியாகப் பிரிக்காவிட்டால்தான் சீப்புக் கோடு தெரியும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

1. வட்டை நகலெடுங்கள். வெளியே பொருத்தும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் போதும். வட்டு அழுக்காக இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். உள்ளே 1 ஜிபி அளவுக்குள் துண்டாக்கிய விஓபி என்ற வீடியோ கோப்புகள் இருக்கும். அவற்றை நேராக எடிட்டருக்குள் இழுத்துப் போட்டால் துண்டு மாறும் இடத்தில் ஒலி அறுந்து போகலாம். மேக்எம்கேவி என்ற மென்பொருள் அவற்றைத் தரம் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாக்கித் தரும். ஒன்றைக் கவனியுங்கள்: 120 நொடிக்குக் குறைந்த காட்சிகளை அது தானாகவே விட்டுவிடும். வீட்டு வட்டுகளில் சின்னத் துண்டுகள்தான் பொக்கிஷம், அதனால் செட்டிங்ஸில் அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள்.

2. எந்த முறை என்று பாருங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் கோப்பைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் விவரத்தைப் பாருங்கள். உயரம் 576 என்றால் பேல், 480 என்றால் என்டிஎஸ்சி. உறையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

3. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பாதிகளைப் பிரியுங்கள். இந்தப் படியில் அவசரம் கூடாது. புரொடக்‌ஷன் ஸ்டாண்டர்ட் என்ற பிரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள், அது எடிட்டிங்குக்காகவே உள்ளது. டைமென்ஷன்ஸில் கிராப்பிங்கை நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஃபில்டர்ஸில் டிஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பிவ்டிஃப், அதன் பிரீசெட்டாக பாப், இன்டர்லேஸ் டிடெக்‌ஷனை ஆஃப் செய்யுங்கள். வீடியோ பகுதியில் பேல் கோப்புக்கு 50, என்டிஎஸ்சிக்கு 59.94 என்று நீங்களே தேர்ந்து, கான்ஸ்டன்ட் என்பதையும் குறியுங்கள்.

பலர் இங்கே என்டிஎஸ்சியை நேராக 25-க்கு இறக்கிவிடுகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. பாதிக்கு மேல் அசைவு போய்விடும், தீயில் ஓடும் கால் தத்தித் தத்திப் போகும். இன்னும் மோசம், 29.97 படங்களை 25 வேகத்தில் நிதானமாக ஓட விடுவது. அப்படிச் செய்தால் உறுமி மேளமே இழுபட்டுப் போகும்.

4. ஷாட்கட்டில் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இது இலவச எடிட்டர். கோப்பு எதையும் திறப்பதற்கு முன்பே செட்டிங்ஸ், வீடியோ மோட், கஸ்டம் என்று போய் 768×576, 4:3, நொடிக்கு 50, புரோகிரசிவ் என்று அமையுங்கள். பிறகு எம்பி4 கோப்புகளை டைம்லைனில் வையுங்கள். முகங்கள் ஒட்டியோ குண்டாகவோ தெரிந்தால் பிராப்பர்ட்டீஸில் விகிதத்தை 4:3 ஆக்குங்கள். பெரும்பாலான பழைய வீட்டு வட்டுகளுக்கு இதுவே சரி. அகலத்திரையில் எடுத்ததென்றால் கோப்பு 16:9 என்று காட்டும், அதை மாற்ற வேண்டாம்.

5. இரண்டு கேமராவையும் ஒட்ட வையுங்கள். கண்ணால் பொருத்தப் பார்க்காதீர்கள், காதால் பாருங்கள். அலைவடிவத்தில் உறுமியின் ஒரு பலமான அடி கூர்மையாக எழும்பி நிற்கும். இரண்டு ஒலியிலும் அதே அடியை நேர்கோட்டில் கொண்டுவாருங்கள். நீண்ட காட்சியானால் இரண்டு கேமராவும் மெல்ல விலகும். அதனால் கரகம் கோயிலை விட்டுப் புறப்படும்போது ஒரு முறையும், குழியருகே வந்ததும் இன்னொரு முறையும் அடியைப் பார்த்துப் பொருத்துங்கள். எங்கள் காட்சியில் மூன்றாவது பொருத்தலில்தான் சித்தப்பாவின் பக்கமிருந்து அப்பாவின் முகமும், அண்ணன் பதிந்த பக்கமிருந்து அப்பாவின் பாதங்களும் ஒரே அடியில் சேர்ந்தன.